சத்தக்காரியின் படகு

படகுக்கு இரண்டு நோய் என்று என் மச்சான் சொன்னான். முழு வேகம் கொடுத்தால் இன்ஜின் திடீரென்று இளைத்துப்போகிறது, அது ஒன்று. பேட்டரியில் சார்ஜ் ஏறுவதில்லை, சிவப்பு விளக்கு எரிகிறது, அது இன்னொன்று. இரண்டையும் இரண்டாகவே வைத்துத் தேடிக்கொண்டிருந்தோம். அதனால்தான் அத்தனை நாள் பிடித்தது.

மச்சான் என் மனைவியின் தம்பி. பஸ் பணிமனையில் மெக்கானிக். படகு அவனுடைய அக்காவின் படகு. அவள் போன பிறகு என் மகள் அதை ஓட்டினாள். நான் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன். எனக்கு இன்ஜினில் தெரிந்ததெல்லாம் அது சத்தம் போடும் என்பதுதான்.

எங்கள் ஆற்றின் மேற்பகுதிக்குச் சாலை கிடையாது. தண்ணீரும் ஆழம் கிடையாது, பல இடங்களில் முழங்கால் அளவுதான். சாதாரணப் படகின் விசிறி அங்கே கல்லில் மோதி உடைந்துவிடும். ஜெட் படகுக்கு அந்தத் தொல்லை இல்லை. வயிற்றுக்கடியில் இருக்கும் சல்லடை வழியாக ஆற்றை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சி அடித்துக்கொண்டு போகும். கல்லுக்குக் கல் தாவுவதால் எங்கள் படகுக்கு எல்லாரும் வைத்த பெயர் தவளை. ஆனால் அதற்குச் சுக்கான் இல்லை. பின்னால் பாய்கிற தண்ணீரை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதுதான் திசை. பாய்ச்சல் குறைந்தால் வேகத்தோடு திசையும் போய்விடும். ஸ்டியரிங்கைக் கையில் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அந்தப் படகை என் மனைவி மேல்துறை வரை தினமும் ஓட்டினாள். வழியில் வரிசையாகச் சின்னச் சின்னத் துறைகள். தபால்காரர், பள்ளிக்கூட டீச்சர், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவர்கள், மூட்டைகள், ஒரு தடவை ஒரு தையல் மெஷின், எல்லாம் தவளையின் முதுகில்தான் ஏறிப் போகும். படகுக்கு ஒரு பெயர் என்றால் அவளுக்கும் ஒன்று. சத்தக்காரி. கல்யாணமான புதிதில் அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். கடைசிச் சில வருடங்களில்தான் குரல் ஓங்கிப்போனது. துறையில் ஆட்களை ஏற்றும்போது கத்துவாள், இறக்கும்போதும் கத்துவாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் ஏறி வந்தது.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுகொண்டு மேலே பார்த்துக் கத்துவாள். “துணி எடுத்தாச்சா? போய்ப் பாருங்க!” நான் எழுந்து, பின்பக்கம் போய், கொடியைப் பார்த்து, வாசலுக்கு வந்து, “எடுத்தாச்சு!” என்று பதில் சொல்ல வேண்டும். இன்னொரு நாள், “குழாய மூடினீங்களா?” அதற்கும் அதே நடை.

“ஏன், மேல வந்து கேட்டா ஆகாதா? படிக்கட்டுல நின்னு ஏலம் போடணுமா?” என்பேன்.

“சத்தக்காரின்னு பேரு வாங்கியாச்சு. காப்பாத்த வேண்டாமா?” என்று சிரித்துக்கொண்டே ஏறி வருவாள்.

மழைக்காலம் முடிந்து ஆறு தெளிந்துகொண்டிருந்த ஒரு காலையில், செருப்பு மாட்டக் குனிந்தவள் நிமிரவில்லை. டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். “இந்த இதயம் ஒரே நாள்ல கெட்டுப்போனதில்ல. படி ஏறும்போது மூச்சு வாங்கியிருக்குமே, கவனிச்சீங்களா?” இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. அவள் வாசலில் வந்து நிற்கும்போது மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை.

வெளியூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மகள், அம்மாவைப் பார்க்க வந்தவள் திரும்பிப் போகவில்லை. அம்மா விடாப்பிடியாக நச்சரித்து எடுக்க வைத்த லைசென்ஸ் அவளிடம் இருந்தது. “அம்மா ஓட்டின வழித்தடம் நின்னுடக் கூடாதுப்பா” என்று மட்டும் சொன்னாள். காரியமெல்லாம் முடிந்த மறுவாரமே படகில் ஏறினாள். நான் தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பு அப்போது யாருக்கு இருந்தது?

மேல்துறைக்குச் சற்று முன்னால் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆறு இடுங்கிப் பாயும். அந்த இடத்துக்குக் கதவு என்று பெயர். முழு வேகத்தில் ஏறினால்தான் கதவு திறக்கும் என்பார்கள். மகள் முழு வேகம் கொடுத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜின் ஒரு பெருமூச்சு விட்டது போல் இளைத்தது. படகு குறுக்கே திரும்பி, தண்ணீர் தள்ளிய பக்கமெல்லாம் போய், கீழே கூழாங்கல் திட்டில் மோதி நின்றது. பாறைப் பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தபால் பை நனைந்தது. டீச்சரின் குடை போனது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

ஒரு தடவையோடு முடியவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் நடந்தது. இந்தத் தடவை கதவுக்கு முன்பாகவே இளைத்துவிட்டதால் கரை ஒதுங்க முடிந்தது.

“அம்மா கை வேற, பொண்ணு கை வேற” என்றார் டீச்சர். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் சொன்னது மகளின் காதில் விழுந்துவிட்டது.

ஆற்று வழிகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். தண்ணீர் இன்னும் வற்றியதும் அதிகாரி ஒருவர் படகில் ஏறிப் பார்ப்பார். சரியாக ஓடினால் வழித்தடம் நமக்கு. இல்லையென்றால் அதே ஆற்றில் இன்னொரு ஜெட் படகு வைத்திருந்த வெள்ளைப் படகுக்காரருக்கு. அவர் ரொம்ப நாளாகவே அதற்கு அலைந்துகொண்டிருந்தார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் நான் பேச்செடுத்தேன். “வித்துடலாம்மா. வீட்ல ஒருத்தர் போனது போதும்.”

மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “பழுது என்கிட்டயா, படகுகிட்டயா? அத மட்டும் யாராவது சொல்லுங்க. என்கிட்டன்னா சாவிய வெச்சிட்டு நாளைக்கே பஸ் ஏறிடறேன். படகுகிட்டன்னா நான் ஏம்ப்பா போகணும்?” என்றாள்.

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தான். “பழுதக் கண்டுபிடிக்கிற வரைக்கும் யாரும் ஓட்டவும் வேண்டாம், விக்கவும் வேண்டாம். சரியா அத்தான்?”

நான் தலையாட்டினேன். பழுது மகளிடமே இருந்துவிட்டால் தேவலை என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அவள் மறுபடி கணக்கெழுதப் போய்விடுவாள். உயிரோடு இருப்பாள்.

கீழ்த்துறையில் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. படகு அதன் வாசலில், தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும். மச்சான் வேலை முடிந்து மத்தியானங்களில் வருவான். மகள் அவனோடு சேர்ந்து கழற்றுவாள், மாட்டுவாள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கேட்கிற சாமானை எடுத்துக் கொடுப்பேன். பாதி நேரம் தப்பாக எடுத்துக் கொடுப்பேன்.

“ஸ்பானர் கேட்டா ஸ்க்ரூடிரைவர் தர்றீங்களே அத்தான். அச்சகத்துல இப்படித்தான் ‘க’ கேட்டா ‘ச’ குடுத்தீங்களா?”

முதலில் சல்லடையைப் பார்த்தார்கள். பாசியோ கல்லோ அடைத்திருந்தால் இன்ஜின் அலறும், படகு மட்டும் நகராது. சல்லடை சுத்தமாக இருந்தது. அதோடு, இங்கே இன்ஜின் அலறவில்லை, அடங்கிப்போகிறது. எனவே பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார்கள். ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். பிறகு இரண்டாவது நோய்க்கு வந்தார்கள். பேட்டரியைக் கழற்றிச் சோதித்தால் நல்ல பேட்டரி. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைப் பணிமனைக்கு எடுத்துப்போய் ஓட்டிப் பார்த்தால், கேட்டதற்கு மேலேயே கரண்ட் தருகிறது. வயர்களின் முனைகளை எல்லாம் உரசிப் பளபளவென்று ஆக்கினார்கள். எதிலும் குற்றமில்லை.

ஆட்களை ஏற்றாமல் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. மகள் ஓட்டினாள், மச்சான் பேட்டரியின் கரண்டைக் காட்டும் மீட்டரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். நேராகப் போய், கதவில் ஏறி, திரும்பி வந்தார்கள். ஒரு இருமல்கூட இல்லை. மறுநாளும் போனார்கள். அன்றும் இல்லை.

“இது மாமியார் மயக்கம் அத்தான். நாலு பேர் முன்னாடிதான் வரும். தனியா இருந்தா கல்லு மாதிரி இருக்கும்” என்றான் மச்சான்.

மகள் சிரிக்கவில்லை. “ஆள் இருந்தா வருது, இல்லன்னா வரல. அப்போ பயந்துபோய் நான்தான் ஏதோ தப்பு பண்றேன், இல்லையா மாமா?”

“அப்படி நான் சொல்லவே இல்லையேடா.”

“வேற என்ன மிச்சம் இருக்கு?”

அதற்குப் பிறகு அவள் கொட்டகைக்கு வந்தாலும் படகில் ஏறவில்லை. கரையில் நின்று துணியால் ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே மறுபடி எடுத்துத் துடைப்பாள். அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, பழைய வேலை காலியாக இருக்கிறதா என்று கேட்டதும் எனக்குத் தெரிந்தது. நான் வேண்டிக்கொண்டது நடக்கப் போகிறது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு சொட்டுச் சந்தோஷம்கூட வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தபால்காரர் வந்தார். படகு எப்போது ஓடும் என்று கேட்க வந்தவர். இப்போதைக்கு ஓடுகிற வெள்ளைப் படகில் முட்டி இடிக்கிறதாம். மச்சான் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான். குடித்துக்கொண்டே அவர் மகளிடம் சொன்னார்.

“கோவிச்சுக்காத பாப்பா. டீச்சர் சொன்னத மனசுல வெச்சுக்காத. நீ ஓட்டறதுல ஒரு சுகம் இருக்கு. துறையில நிக்கும்போது ஆத்துச் சத்தம் கேக்குது, குருவிச் சத்தம் கேக்குது. உங்கம்மா இருந்தப்ப இடி விழுந்தாக் கூடக் கேக்காது.”

“அம்மா கத்துவாங்கல்ல” என்றாள் மகள்.

“அவங்க எங்க கத்துனாங்க? இன்ஜின்தான கத்துச்சு. அதுக்கு மேல பேசணும்னா கத்தித்தான ஆகணும்? துறையில படகு நிக்கும், இன்ஜின் நிக்காது. ஓடறப்ப என்ன இரைச்சலோ அதே இரைச்சல். பெட்ரோல் தண்டம்னு நானே சண்ட போட்டிருக்கேன். ‘உங்க ஸ்டாம்பு ஒண்ணும் குறையாது, இறங்குங்க’ன்னுட்டாங்க.”

ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்த மச்சான் நிறுத்தினான். “நிக்கறப்பவா? வேகத்தக் குறைக்காமலா?”

“ஒரு துறையிலயும் குறைச்சதில்ல.”

ஜெட் படகில் அது முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பின்னால் பாயும் தண்ணீருக்கு மேல் வாளி போன்ற ஒரு மூடி உண்டு. அதைப் பாதி இறக்கினால் பாய்ச்சலில் பாதி முன்னால் திரும்பி, ஒன்றை ஒன்று தள்ளி, படகு நின்ற இடத்தில் நிற்கும். இன்ஜின் எவ்வளவு இரைந்தாலும் நகராது.

மச்சான் மகளைப் பார்த்தான். “நீ துறையில நிக்கறப்ப என்ன பண்ணுவ?”

“தணிச்சு வெச்சிடுவேன். ட்ரெயினிங்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

“நாம ஓட்டிப் பாத்தப்ப எந்தத் துறையிலயாவது நின்னோமா?”

அவள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

படகைக் கரையில் கட்டியபடியே இன்ஜினைக் கிளப்பினார்கள். தணித்து வைத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தபால்காரரும் டம்ளரோடு குனிந்து பார்த்தார். சிறிது நேரத்தில் எண் இறங்க ஆரம்பித்தது. மெல்ல மெல்ல, காய்ச்சல் இறங்குவது போல. தணிந்து ஓடும்போது ஆல்டர்னேட்டர் கொஞ்சம்தான் தரும், அது வழக்கம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தையும் மீறி எதுவோ தின்றுகொண்டிருந்தது. மச்சான் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினான். ரேடியோ இல்லை. விளக்கு இல்லை. மூன்றாவதோ நான்காவதோ பிடுங்கியதும் எண் சட்டென்று நிமிர்ந்தது.

“அடித்தண்ணி பம்ப்பு” என்றான்.

படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியே தள்ளுகிற சின்ன பம்ப் அது. எப்போதாவது ஓட வேண்டியது. தண்ணீர் தள்ளினால் படகின் பக்கவாட்டு ஓட்டை வழியாகப் பீய்ச்சுவது தெரியும். இங்கே பம்ப் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, பக்கவாட்டில் ஒரு சொட்டு இல்லை.

“தண்ணி எங்க போகுது?” என்றான் மச்சான். பலகைகளைத் தூக்கினான். பக்கவாட்டுக்குப் போக வேண்டிய ரப்பர் குழாய் அங்கே போகவில்லை. சீட்டுக்கு அடியில் மடங்கி, இன்ஜினின் ஓரமாக நகர்ந்து, பின்பக்கம் ஜெட்டின் பாய்ச்சல் விழுகிற இடத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது. அங்கே எவ்வளவு தண்ணீர் விழுந்தாலும் யார் கண்ணிலும் படாது. வளைகிற இடங்களில் எல்லாம் குழாயை நீல நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. இரண்டு சுற்று, ஒரு குறுக்கு, வாலை மடித்து உள்ளே செருகல்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன். அதன் ஒடிந்த காதுப்பிடியில் அதே கயிறு. இரண்டு சுற்று, ஒரு குறுக்கு, வால் உள்ளே. எங்கள் கொடிக்கயிறும் அப்படித்தான் கட்டியிருக்கும், பால்கனிக் கதவும் அப்படித்தான்.

மச்சான் என் கையில் இருந்த கண்ணாடியைப் பார்த்தான். பலகையின் மேல் அப்படியே உட்கார்ந்தான். “அக்காதான்” என்றான்.

தபால்காரர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். நல்ல மனிதர்.

பிறகு எல்லாம் அவிழ்ந்தது. ஜெட்டின் தண்டு படகுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அது தேய்ந்து, ஆறு உள்ளே வந்துகொண்டிருந்தது. வந்ததை பம்ப் ஓயாமல் தள்ளிக்கொண்டிருந்தது. மகள் துறைக்குத் துறை தணித்து நிறுத்தும்போதெல்லாம் பம்ப் பேட்டரியைத் தின்றது. அடுத்த துறை பக்கத்திலேயே இருப்பதால், தின்றது திரும்பி ஏற நேரமில்லை. கதவுக்கு வரும்போது பேட்டரி காலி. காலிப் பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டர் முக்கும்போது, உள்ளே தெறிக்கிற தண்ணீரில் நனைந்த அதன் பெல்ட் பிடிப்பில்லாமல் வழுக்கும். கரண்ட் விழும். இந்தக் காலத்து இன்ஜினுக்கு மூளை உண்டு, கரண்ட் போதவில்லை என்றால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். இரண்டு நோயும் ஒரே நோய்தான். என் மனைவியின் கை அதை அறிந்துவைத்திருந்தது. எந்தத் துறையிலும் இன்ஜினைத் தணியவிடாமல், பேட்டரி பசிக்காமல் பார்த்துக்கொண்டு, கதவு வரை கொண்டுசேர்த்துவிடுவாள்.

“சீல மாத்தினா தீந்துச்சுல்ல? அம்மா ஏம் மாமா மாத்தல?” என்றாள் மகள்.

“படகக் கரையேத்தணும். ஜெட்ட முழுசா வெளிய இழுக்கணும். சாமான் வெளிநாட்லேர்ந்து வரணும். ஒரு சீசன் போயிடும். அந்த ஒரு சீசன்ல வெள்ளப் படகுக்காரன் உள்ள வந்துடுவான்.” அவன் முகத்தை எண்ணெய்க் கையாலேயே துடைத்துக்கொண்டான். “வருஷா வருஷம் கேப்பேன் அத்தான், படகு எப்படிக்கா இருக்குன்னு. ‘எனக்கென்னடா, ஜம்முனு இருக்கேன்’னு சொல்லுவா. நான் படகக் கேட்டா அவ அவளச் சொல்லுவா. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சாவியப் புடுங்கியிருப்பேன். அதான் என்கிட்ட சொல்லல.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?” மகள் குழாயின் முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “லைசென்ஸ் எடு, லைசென்ஸ் எடுன்னு உயிர வாங்கினாங்களே. இத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

பழுது அவளிடம் இல்லை என்று தெரிந்துவிட்டது. யாரும் அதைச் சொல்லிச் சந்தோஷப்படவில்லை. மச்சான் முடிச்சை அவிழ்க்கக் கை நீட்டினான். “இருங்க மாமா” என்று அவளே அவிழ்த்தாள். கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மகளும் மச்சானும் பலகைகளை மாட்டிக்கொண்டிருக்கும்போது நான் முன்னால் வீட்டுக்கு வந்தேன். படி ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் எனக்கே மூச்சு வாங்கியது. அங்கே ஒரு ஜன்னல் உண்டு. அதன் திண்டு இடுப்பு உயரத்தில், ஒருவர் கையை ஊன்றிச் சாய்ந்துகொள்ளத் தோதாக இருக்கிறது. ஊன்றிக்கொண்டு நின்றேன். மேலே எங்கள் கதவு தெரிந்தது. ஒருவன் அங்கிருந்து எழுந்து, பின்பக்கம் போய், கொடியைப் பார்த்து, திரும்பி வாசலுக்கு வந்து பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். வாங்குகிற மூச்சு அடங்குவதற்குப் போதுமான நேரம்.

துணி எடுத்தாச்சா. குழாய மூடினீங்களா. அடுப்ப அணைச்சாச்சா, போய்ப் பாருங்க. ஒரு கேள்விகூட உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்லக்கூடியது இல்லை.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வரியில் பிழை பார்த்தவன் நான். அந்தத் திண்டின் மேல் தலையை வைத்துக்கொண்டேன். மகள் வந்து தோளைத் தொடும் வரை அப்படியே இருந்தேன். என்னப்பா என்று கேட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அவள் அந்தத் திண்டைக் கையால் தடவிப் பார்த்தாள்.

“அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறீங்களா?”

“படகப் பத்தித் தெரிஞ்சிருக்கே.”

மறுநாள் காலையில் அவள் ஆற்று அலுவலகத்துக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். அதிகாரி சோதனை ஓட்டத்துக்கு நாள் குறிக்கக் காலண்டரை எடுத்தார்.

“வேண்டாம் சார். படகுல பழுது இருக்கு. கரையேத்தப் போறோம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்களா சொல்றீங்க? வழித்தடம் கைமாறிடும்மா.”

“மாறட்டும் சார். சரி பண்ணிட்டு வந்து கேக்கறேன். குடுத்தா குடுங்க.”

“எவ்வளவு நாளா இந்தப் பழுது?”

மகள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். “தெரியல சார். இப்பத்தான் கண்டுபிடிச்சோம்.”

அந்தப் பாதிப் பொய்யை நான் திருத்தவில்லை.

வெளியே வந்ததும், “படக விக்கணும்னா இப்ப சொல்லிடுங்கப்பா. கரையேத்தின பிறகு பேச்சு மாறக் கூடாது” என்றாள். எனக்குப் பயம் போகவில்லை. இன்றும் போகவில்லை. ஆனால் பழுதைப் பழுது என்று வாய்திறந்து சொல்லக்கூடிய ஒருத்தி ஓட்டினால், அந்தப் பயத்தோடு இருந்துவிடலாம் என்று தோன்றியது. விற்க வேண்டாம் என்றேன்.

ஒரு சீசன் போனது. வெள்ளைப் படகு எங்கள் கொட்டகையைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தது. தவளை கரையில் கட்டைகளின் மேல், வயிறு தெரியக் கிடந்தது. இழுத்து வெளியே போட்ட தண்டில், சீல் இருந்த இடத்தில் விரல் நுழையும் அளவுக்குத் தேய்மானம். “இத வெச்சுக்கிட்டா ஓட்டினா” என்று மச்சான் சொல்லிக்கொண்டே இருந்தான். திட்டுகிறானா பெருமைப்படுகிறானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. சீல் வந்தது, புது பெல்ட் போட்டார்கள், குழாய் மறுபடி பக்கவாட்டு ஓட்டைக்குப் போனது. தண்ணீர் பீய்ச்சினால் ஊருக்கே தெரியும்.

அதிகாரி ஏறிப் பார்த்தார். ஒவ்வொரு துறையிலும் நிறுத்தச் சொன்னார். மகள் ஒவ்வொன்றிலும் தணித்து நிறுத்தினாள். கதவில் முழு வேகம் கொடுத்தாள். பின்சீட்டில் இருந்த நான் சிவப்பு விளக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எரியவில்லை. பாறைகள் இரண்டு பக்கமும் நழுவிப் போயின. வழித்தடத்தில் பாதி நாட்கள் எங்களுக்கு, பாதி நாட்கள் வெள்ளைப் படகுக்கு என்று முடிவானது.

முதல் நாள் ஓட்டத்தில் நானும் போனேன், தபால்காரரும் ஏறினார். முதல் துறையில் படகு நின்றது. இன்ஜின் முணுமுணுப்பாக அடங்கியது. கரையில் கடிதத்துக்காக நின்றிருந்த அம்மாளைப் பார்த்து அவர், “உங்களுக்கு இன்னைக்கு ஒண்ணும் இல்ல!” என்று பழக்கத்தில் தொண்டை கிழியக் கத்தினார். அந்த அமைதியில் அது அக்கரை வரை போய்த் திரும்பி வந்தது. கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு மேல்துறை வரை யாரும் உரக்கப் பேசவில்லை. நின்ற துறைகளில் எல்லாம் தண்ணீர் படகின் பக்கத்தில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அந்த இரைச்சல் வேண்டும் போல இருந்தது.

மதியம் படகு கீழ்த்துறைக்குத் திரும்பியதும் நான் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கீழே காலடிச் சத்தம் கேட்டது. முதல் மாடி. இரண்டாவது மாடித் திருப்பம். சத்தம் நின்றது.

“அப்பா! துணி எடுத்தாச்சா?”

நான் கொடியைப் பார்க்கப் போகவில்லை. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு செருப்பை மேல்படியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். மகள் அந்த ஜன்னல் திண்டில் ஒரு கையை ஊன்றி, ஒற்றைக் காலில் நின்று, மறுகால் ஷூவைக் கவிழ்த்து ஆற்று மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“கேட்டதுக்குப் பதில் சொல்லாம ஏம்ப்பா ஓடி வர்றீங்க? விழுந்து வைக்கவா?”

“மூச்சு வாங்குதாம்மா?”

“எனக்கெங்க வாங்குது? உங்களுக்குத்தான் வாங்குது.”

உண்மைதான். எனக்குத்தான் வாங்கியது. அவள் ஷூவை மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்துத் திண்டின் மேல் ஊன்ற வைத்தாள். இரண்டு பேரும் அங்கே நின்றோம். மூச்சு அடங்கிய பிறகு சேர்ந்து ஏறினோம்.